உடைந்த பல் சொல்லும் கணக்கு

உடைந்த கியரையோ ஷாஃப்ட்டையோ கழுவாதீர்கள். பழைய பந்தயக் கார் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெரும்பாலோர் துண்டுகளைக் கழுவிப் பளபளவென்று துடைத்து, முறிந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்தியும் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். அந்த உரசலிலேயே பாதிச் சாட்சி அழிந்துவிடுகிறது. எண்ணெய் அழுக்கோடு, துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி அனுப்பினால் போதும்.

நான் கோயம்புத்தூரில் கியர் வெட்டக் கற்றவன். இப்போது வேலை இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில். 1950களிலும் 60களிலும் ஓடிய பந்தயக் கார்களுக்கு கியர், ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு), கிரவுன் வீல், பினியன் செய்து கொடுக்கிறோம். இந்தக் கார்கள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவை அல்ல. 1966-இல் பந்தயம் நின்றுபோன குட்வுட் தடம் 1998-இல் மறுபடி திறந்ததிலிருந்து அங்கே ஆண்டுதோறும் இவை முழு வேகத்தில் மோதுகின்றன. மொனாக்கோ தெருக்களிலும் பழைய கார்களுக்கென்றே தனிப் பந்தயம் நடக்கிறது. ஓடுகிற வண்டியில் பாகம் உடையத்தான் செய்யும். அதைச் செய்த கம்பெனிகளில் பல இன்று இல்லை, வரைபடங்களும் இல்லை.

ஆகவே, முறிந்த முகம்தான் எங்களுக்குக் கிடைக்கும் முதல் ஆவணம். உலோகம் களைத்துப்போய் முறிந்திருந்தால், முகத்தின் ஒரு பகுதி மழமழப்பாக இருக்கும். அலை வாங்கிய ஈர மணலில் கிடக்கும் கோடுகளைப் போல வளைவு வளைவாக வரிகள் தெரியும். அந்த வரிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு புள்ளியில் போய் நிற்கும். அங்கே ஒரு துருக்குழி இருக்கும், அல்லது யாரோ எண் பொறித்த தடம், அல்லது ரேடியஸ் கொடுக்காமல் விட்ட கூர்மையான மூலை. மிச்சமுள்ள சொரசொரப்பான பகுதிதான் கடைசி நொடியில் அறுந்தது. மழமழப்பான பகுதி பெரிதாக இருந்தால், சுமை குறைவுதான், ஆனால் விரிசல் நெடுநாளாக வளர்ந்திருக்கிறது. முகம் முழுக்கச் சொரசொரப்பு என்றால் ஒரே அடி: கியர் தவறியிருக்கும், அல்லது கிளட்சைச் சட்டென்று விட்டிருப்பார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதில் பாகத்தின் வடிவத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவதில் பாகத்தை அப்படியே செய்து கொடுத்து, ஓட்டுநரிடம்தான் பேச வேண்டும்.

அடுத்தது அளவெடுப்பு. இப்போதெல்லாம் கியரை ஸ்கேன் செய்து கோப்பை அனுப்பிவிட்டு, "இதைப் பார்த்து வெட்டுங்கள்" என்கிறார்கள். ஸ்கேனர் தேய்மானத்தையும் சேர்த்தே பிரதி எடுக்கும். நமக்கு வேண்டியது அன்று அந்த வடிவமைப்பாளர் மனதில் வைத்திருந்த எண். பிரிட்டிஷ் கியர்கள் பெரும்பாலும் டயாமெட்ரல் பிட்ச் (டிபி: ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல்) கணக்கில் இருக்கும். ஐரோப்பியக் கண்டத்துக் கியர்கள் மாடியூல் (ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம்) கணக்கில். 10 டிபி என்பது மாடியூலில் 2.54. பக்கத்திலேயே 2.5 மாடியூல் நிற்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அழுத்தக் கோணம் 20 டிகிரி என்றால், இரண்டின் அடிவட்டப் பிட்சும் (அடிவட்டத்தில் பல்லுக்குப் பல் உள்ள தூரம்) முறையே 7.50, 7.38 மில்லிமீட்டர். அந்த 0.12 மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

நேர்ப்பல் கியரில் இதைப் பிடிக்க டிஸ்க் மைக்ரோமீட்டர் போதும். மூன்று பற்களைச் சேர்த்து ஓர் அளவு, நான்கு பற்களைச் சேர்த்து ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடிவட்டப் பிட்ச். பல் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் இரண்டு அளவும் ஒரே மாதிரி குறையும், வித்தியாசம் மாறாது. அதனால்தான் தேய்ந்த கியரிலும் இந்த முறை உண்மையைச் சொல்கிறது. எஞ்சின் தள்ளும் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அழுந்தும் பக்கம் குறைவாகத் தேய்ந்திருக்கும். பல்லின் வடிவத்தை அந்தக் குறைந்த பக்கத்தில் பாருங்கள். மைய தூரத்தை கியரிலிருந்து ஊகிக்கவே கூடாது, கேஸிங்கில் அளந்தே ஆக வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனியான ஹியூலாண்டின் கியர் பெட்டிகளில் ஒரே மைய தூரத்தில் பல்வேறு ஜோடிகள் உட்காரும். ஜோடிக்கு ஜோடி பற்களின் கூட்டுத்தொகை மாறும். பல்லின் வடிவத்தைச் சற்றே வெளியே தள்ளியோ உள்ளே இழுத்தோ அதைச் சரிக்கட்டியிருப்பார்கள். பல்லை எண்ணி வகுத்துப் பார்ப்பவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

கார் எந்த நாட்டுடையது என்பதை வைத்து டிபியா மாடியூலா என்று முடிவுக்கு வருவதும் ஆபத்து. 1959-இல் ஜாக் பிராபம் ஓட்டி ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆன கூப்பர் இங்கிலாந்துக் கார். அதன் கியர் பெட்டி, 1934-இல் வந்த பிரெஞ்சுக் குடும்பக் காரான சிட்ரோயன் டிராக்ஷன் அவாந்தின் பெட்டியிலிருந்து வளர்த்தெடுத்தது. அதே ஆண்டு ராப் வாக்கர் அணியின் கூப்பரில் இத்தாலியக் கொலொட்டி பெட்டி இருந்தது. டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த கடைசிப் பந்தயத்தில், அந்தக் காரில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஸ்டர்லிங் மாஸ், பெட்டி பழுதாகி வெளியேறினார். பிராபம் பெட்ரோல் தீர்ந்த காரைத் தள்ளிக்கொண்டே நான்காவதாகக் கோட்டைத் தாண்டிப் பட்டத்தை வாங்கினார். ஹியூலாண்டின் ஆரம்பப் பெட்டிகளோ ஜெர்மன் வழி வந்தவை: ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கேஸிங்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவை. பீட்டிலில் எஞ்சின் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், பந்தயக் காரில் முன்னால். அப்படியே திருப்பி வைத்தால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். கவிழ்த்துப் போட்டால் கிரவுன் வீல் மறுபக்கம் வந்து திசை சரியாகிவிடும். எத்தனை எளிமையான யோசனை! இந்தத் தொழிலில் நான் மிகவும் நேசிப்பது இந்த மாதிரி அறிவைத்தான்.

இனி, எல்லோரும் கேட்பது: "பழையதைவிட வலுவாகச் செய்து கொடுங்கள்." இங்கேதான் நான் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து நேரம் செலவழிக்கிறேன். எஞ்சினிலிருந்து டயர் வரை போகும் திருகுவிசையின் வழியில் எங்காவது ஓர் இடம் முதலில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அது எந்த இடம் என்பது வடிவமைப்பின் ஒரு பகுதி. ஹாஃப் ஷாஃப்ட்டின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் அதன் வலு 33 சதவீதம் கூடும், ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். முன்பு தானே முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிய ஷாஃப்ட், இப்போது அதை அப்படியே டிஃபரன்ஷியலில் இருக்கும் கிரவுன் வீலுக்குக் கடத்தும். லோட்டஸ் எலானில் ஹாஃப் ஷாஃப்ட்டோடு வரும் வட்ட ரப்பர் கப்ளிங்கும் இந்த வேலையைத்தான் செய்தது. அதைக் கழற்றிவிட்டு இறுக்கமான இணைப்பு போட்டவர்கள், பிறகு டிஃபரன்ஷியலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஹாஃப் ஷாஃப்ட்டை மாற்றுவது ஒரு மதியத்து வேலை; கிரவுன் வீல் போனால் அந்த சீசனே போய்விடும்.

வலுவைக் கூட்ட வேண்டுமானால் விட்டத்தைக் கூட்டாமலே செய்ய வழி உண்டு. ஷாஃப்ட் பெரும்பாலும் முறிவது ஸ்பிளைன் (முனையில் நீளவாக்கில் வெட்டிய பல்வரிசை) முடியும் இடத்தில். உடம்பின் விட்டத்தை ஸ்பிளைனின் அடிப்பள்ளத்தைவிடச் சற்றுக் குறைத்து, நீண்ட ரேடியஸ் கொடுத்து இறக்கினால், முறுக்கு ஒரே இடத்தில் குவியாமல் நீளம் முழுக்கப் பரவும். மெல்லியதாக்கினால் ஆயுள் கூடுகிறது என்பதை நம்ப மறுப்பவர்கள் உண்டு. பழைய ஷாஃப்ட்டின் முறிவைக் கையில் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்கள். கடைசி பாலிஷ் நீளவாக்கில் இருக்கட்டும், வட்டத் தடம் எதுவும் மிஞ்சக் கூடாது. பொருத்தும் முன் நீளத்துக்கு நேராக ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு சுருளத் தொடங்கினால் ஷாஃப்ட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பார்த்த உடனே தெரியும்.

கியருக்கு நாங்கள் எடுப்பது பெரும்பாலும் ஈஎன்36: மூன்று சதவீதத்துக்கு மேல் நிக்கலும் கொஞ்சம் குரோமியமும் கலந்த கேஸ் ஹார்டனிங் எஃகு. சுமார் 900 டிகிரியில் கார்பன் ஏற்றிச் சட்டென்று குளிரவைத்தால் தோல் 60 ராக்வெல் அளவுக்குக் கடினமாகும், உள்ளே மட்டும் இழுபடும் தன்மை மிஞ்சும். முழுக்கக் கடினமானால் பல் கண்ணாடி போல் தெறிக்கும். உலைக்குப் போய் வந்த கியர் கொஞ்சமாவது கோணாமல் இருக்காது. அதற்காகக் கிரைண்டிங்குக்கு உலோகம் விட்டுத்தான் வெட்டுகிறோம். அதிகமாக விட்டால் கிரைண்டிங்கில் அந்தக் கடினத் தோலே போய்விடும். அதே எஃகில் ஒரு சாம்பிள் துண்டைக் கூடவே உலையில் வைக்கச் சொல்லுங்கள். அதை அறுத்துப் பார்த்தால்தான் தோல் எவ்வளவு ஆழம் என்று உறுதியாகத் தெரியும். அந்தத் துண்டைக் காட்டாத பட்டறைக்கு நான் வேலை கொடுக்க மாட்டேன்.

கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்படுபவை. ஒன்று போனால் இரண்டையும் மாற்றியாக வேண்டும். "பினியன் மட்டும் போதும்" என்பவருக்கு நான் செய்து கொடுப்பதில்லை. காசு மிச்சம் பிடிக்க நினைத்தால், அதே மாடல் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஆர்டர் கொடுங்கள். கட்டரும் செட்டிங்கும்தான் செலவு. இரண்டாவது ஜோடி முதலாவதைவிட வெகு மலிவு.

இந்தப் பழைய கியர் பெட்டிகளில் பலவற்றில், வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோமெஷ் கிடையாது, நாய்ப்பல் மாதிரி கொக்கிகள்தான் கியரைப் பிடிக்கின்றன. மெதுவாகத் தடவித் தடவி கியர் போட்டால் கொக்கியின் முனை மழுங்கி, நடுவளைவில் கியர் துள்ளி வெளியே வந்துவிடும். உறுதியாக, ஒரே இழுப்பில் போட வேண்டும்.

புதுப் பாகம் ஏறியதும் முதல் நாள் அரை வேகத்தில் ஓட்டி, சூட்டோடு எண்ணெயை வடித்துவிடுங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டினால் பற்கள் ஒன்றுக்கொன்று பழகுகின்றன, கவலை இல்லை. நகத்தில் சிக்கும் அளவுக்குச் செதில் வந்தால், மறுநாள் பந்தயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பெட்டியைத் திறந்துவிடுங்கள். முன்பக்கம் எஞ்சின் வைத்த பழைய ஒற்றை இருக்கைக் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம்; அவற்றில் பலவற்றில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழேயோ, இரண்டு கால்களுக்கு நடுவிலேயோதான் சுழல்கிறது.