சிறு வானவூர்தி

வேலூரை அடுத்துள்ள அப்துல்லாபுரத்தில் ஒரு சிறு வானூர்தித் தளம் உண்டு. சென்னையிலுள்ள பறத்தற் கழகத்தின் மாணவர் சிலகாலம் இங்குப் பயிற்சி பெற்றனர். பின்னர் இத்தளம் பயணியர் ஊர்திகளுக்கெனச் சீர்செய்யப்பட்டது. ஆம்பூரிலிருந்து தோலும் காலணியும் சுமந்து செல்லும் உந்துகளையே நாளும் காணும் இப்பகுதி மக்களுக்கு, ஒருவர் தமக்கென வானவூர்தி வைத்துக்கொள்ளுதல் கதைபோலத் தோன்றக்கூடும். ஆயினும், தமிழகத்தில் அது நூறாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது.

கார்சிகாத் தீவினரான டி ஏஞ்சலிஸ் என்பவர் சென்னை மவுண்ட் சாலையில் உணவு விடுதி நடத்திவந்தார். 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரராகிய பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அச்செய்தி ஏஞ்சலிஸின் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்தது. அவர் தாமே ஒரு வானவூர்தியின் வடிவத்தை வரைந்து, சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு அதனைச் செய்வித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். பின்னர்ச் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் கட்டணம் செலுத்தி அக்காட்சியைக் கண்டனர். பறத்தலைக் கற்பிக்கும் பள்ளி எதுவும் அன்று இந்நாட்டில் இல்லை. அவர்க்கு ஆசானும் அவரே, மாணவரும் அவரே. இத்துணிவு வியக்கத்தக்கதேயன்றிப் பின்பற்றத்தக்கதன்று.

இக்காலத்து மிகச்சிறு வானவூர்தியில் இருவர்க்கு மேல் அமர்தல் இயலாது. ஆட்களும் எரிபொருளும் உட்பட அதன் எடை 450 கிலோகிராமைக் கடத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. அலுமினியக் குழாய்களாற் சட்டமமைத்து, இறக்கையின்மேல் உறுதியான செயற்கையிழைத் துணியைப் போர்த்துச் செய்வது பெருவழக்கு. ஆம்பூர்த் தொழிலாளர் தோலைப் பொறியிலிட்டுச் சீவுவதை இதற்கு ஒப்பிடலாம். மிகையாகச் சீவினால் தோல் கிழியும். குறையச் சீவினால் காலணி கனக்கும். வானவூர்தியிலோ கிழிவது தோலன்று, உயிர்.

பறக்கக் கற்பவன் முதலில் அறியவேண்டியது, இறக்கை எப்பொழுது தன்னைக் கைவிடும் என்பதே. எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சற்றே சாய்ந்து நிற்கும். அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ள, அதன் எதிர்விளைவால் ஊர்தி தாங்கப்படுகின்றது. சாய்வு மிகுந்தால் தாங்கும் ஆற்றலும் மிகும். ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தாலோ, இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சுழலும். ஊர்தி வீழத் தொடங்கும். விமானிகள் இதனை ‘ஸ்டால்’ என்பர். பொறி பழுதின்றி ஓடும்போதும் இது நேரும்.

வீழ்கின்றவன் மேலெழவே விழைவான். ஆதலின் புதியவன் செலுத்துகோலைத் தன்பால் இழுப்பான். சாய்வு மேலும் மிகும். செய்யத்தக்கது இதற்கு நேர்மாறு. கோலை முன்னே தள்ளி, ஊர்தியின் மூக்கைத் தாழ்த்தல் வேண்டும். காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும், விரைவு கூடும், பின்னர் மெல்ல நிமிரலாம். இதற்குள் ஊர்தி பெரிதும் தாழ்ந்துவிடும். எனவே ஆசிரியர் இதனை மிக உயரத்திலேயே பயிற்றுவிப்பர். தரைக்கு அண்மையில் நேர்ந்தால் மீள இடமில்லை.

செருமானியராகிய ஓட்டோ லிலியந்தால் பொறியில்லா ஊர்தியில் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர். 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் ஒரு காற்று வீச்சில் அவர் ஊர்தியின் மூக்கு உயர்ந்தது. தம் உடலை அசைத்தே ஊர்தியைத் திருப்பும் முறை அவருடையது. அன்று அது போதவில்லை. வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் உயிர் துறந்தார்.

இன்று நம் நாட்டில் 16 வயது நிறைந்தோர் மாணவ விமானி உரிமம் பெறலாம். ஆசிரியர் அருகமர்ந்து கற்பிப்பர். இருவர்க்கும் செலுத்துகோல் உண்டு. புறப்படுமுன் ஆணிகள், கம்பிகள், துணி, எரிபொருள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தல் நாடோறும் செய்யவேண்டிய கடமை. சொந்தமாக ஊர்தி வைத்திருப்பவர்க்கும் இதிலிருந்து விலக்கில்லை.

ஒருநாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டு, ‘தனியே சென்று வா’ என்பார். மாணவன் வழக்கம்போலவே பொறியை முடுக்குவான். அருகிருந்தவரின் எடை இல்லாமையால், அவன் எதிர்பார்த்ததற்கு முன்னரே ஊர்தி தரையைவிட்டு எழும்.