உரிமைப் பாடம் நடத்தப் போறியா தங்கச்சி? இதைப் படிச்சிட்டுப் போ

பத்தாம் வகுப்பு குடிமையியல்ல முதல் பாடமே இந்திய அரசியலமைப்பு. போர்ஷன் முடிக்கணும், ரிவிஷன் டெஸ்ட் வருது, எமிஸ்ல விவரம் ஏத்தணும்னு நீ ஓடுற ஓட்டம் எனக்குத் தெரியும். அதனால ஆறு அடிப்படை உரிமையையும் போர்டுல வரிசையா எழுதிப் போட்டுட்டு, "அஞ்சு மார்க், கட்டாயம் வரும்"னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுற. அப்படிப் பண்ணாதேம்மா. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால்னு உன் ஸ்கூல் எங்க இருந்தாலும் சரி, உன் கிளாஸ்ல நிறையப் பிள்ளைங்க இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல ஐடிஐயோ டிப்ளமோவோ முடிச்சுட்டு கம்பெனி பஸ் ஏறப் போறவங்க. யார்கிட்ட எதைக் கேட்கலாம், தரலைன்னா எங்க போகலாம்னு நீ சொல்லித்தரலைன்னா அவங்களுக்கு வேற யாரும் சொல்ல மாட்டாங்க. தம்பி வாத்தியாருங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், கேட்டுக்கோங்க.

1. கடைசியில இருக்கிறதை முதல்ல நடத்து

புத்தகத்துல "அரசியலமைப்புத் தீர்வுகளுக்கான உரிமை" ஆறாவதா வரும். அதுக்குள்ள பெல் அடிச்சிடும், நாளைக்குப் பார்ப்போம்னு விட்டுடுவ. அதைத்தான் முதல்ல எடுக்கணும். பிரிவு 32-ல உச்ச நீதிமன்றம், பிரிவு 226-ல உயர் நீதிமன்றம். 226 இன்னும் அகலமானது, அடிப்படை உரிமை தவிர மத்த சட்ட உரிமைக்கும் அங்க போகலாம். உன் பிள்ளைங்களுக்கு டில்லி தூரம், சென்னை ஹைகோர்ட் பஸ் தூரம்தான்னு சொல்லு. அஞ்சு நீதிப்பேராணையையும் ஒரே நாள்ல திணிக்காதே. ஆட்கொணர்வு ஒண்ணை மட்டும் எடு. "அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, எங்க வெச்சிருக்காங்கன்னு சொல்ல மாட்டேங்குறாங்க, வீட்ல என்ன பண்ணலாம்?" இப்படிக் கேட்டுப் பாரு. கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

2. போர்டுல மூணு கட்டம் போடு

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதைவிடச் சுருக்கமான வழி இல்ல. யார் பறிச்சாங்க? எந்தப் பிரிவு அல்லது எந்தச் சட்டம்? எங்க போகணும்? அவ்வளவுதான். அதுக்குக் கீழ பிள்ளைங்களையே நிரப்பச் சொல்லு.

- ஊர் டீக்கடையில ஜாதி பார்த்து தனி கிளாஸ் தர்றாங்க. பறிச்சது கடைக்காரர். பிரிவு 15(2), பிரிவு 17, கூடவே 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.
- காண்ட்ராக்டர் ஒரு மாசச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். இதுக்கு அடிப்படை உரிமைப் பிரிவைத் தேடாதே, தொழிலாளர் சட்டம். போக வேண்டிய இடம் தொழிலாளர் நலத்துறை.
- பஞ்சாயத்துல ரோடு போட்ட பணத்துக்குக் கணக்கு காட்ட மாட்டேங்குறாங்க. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும்.
- ஏழாங்கிளாஸ் படிக்கிற பையனை ஒர்க் ஷாப்புல வேலைக்கு விட்டிருக்காங்க. பிரிவு 21ஏ, கூடவே குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1098-க்கு ஒரு போன்.

மூணாவது கட்டம் காலியா இருந்தா அந்தப் பாடம் முடியலைன்னு வெச்சுக்கோ.

3. எல்லாரும் பண்ற பெரிய தப்பு இதுதான்

"பிரிவு 19 உனக்குப் பேச்சுரிமை கொடுத்திருக்கு, கம்பெனியில தைரியமாப் பேசு"ன்னு உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லி அனுப்பாதே. நல்ல எண்ணம்தான். ஆனா அந்தப் பிள்ளை முதல் மாசமே வேலையை இழந்துட்டு வந்து நிக்கும். அடிப்படை உரிமைகள்ல பெரும்பாலானது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். தனியாரையும் நேரடியாத் தொடுறது 15(2), 17, 23, 24 மாதிரி கொஞ்சம்தான். கடை, ஹோட்டல், கிணறுல பாகுபாடு, தீண்டாமை, கொத்தடிமை, 14 வயசுக்குக் கீழ ஃபேக்டரி வேலை, இதெல்லாம் யார் பண்ணாலும் தப்பு. பிரிவு 16-ல வர்ற வேலை வாய்ப்புச் சமத்துவம் அரசாங்க வேலைக்கு மட்டும்.

இதைப் பக்கத்து உதாரணத்தோட சொல்லு. கல்யாணம் ஆன பெண்களை ஐபோன் அசெம்பிளி வேலைக்கு எடுக்காம ஒதுக்குறாங்கன்னு ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலை பத்தி 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் எழுதினது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டது. அதுக்குப் பக்கத்துலயே 1981-ல வந்த நர்கேஷ் மிர்சா வழக்கை வை. முதல் கர்ப்பத்தோட ஏர் ஹோஸ்டஸை வீட்டுக்கு அனுப்புற ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் பிரிவு 14-ஐ வெச்சே ரத்து பண்ணுச்சு. ஏன்னா ஏர் இந்தியா அப்போ அரசாங்க நிறுவனம். தனியார் கம்பெனின்னா அதே நியாயத்துக்குத் தனியா ஒரு சட்டம் வேணும். அப்படிப்பட்ட சட்டத்தைச் சட்டசபையிலும் பார்லிமென்ட்லயும் கேட்டு வாங்கணும். ஓட்டு எதுக்குன்னு அன்னைக்குப் புரியும் பிள்ளைங்களுக்கு.

4. பக்கத்து கேட்டுல நடந்ததை விட்டுட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போகாதே

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை வேலைநிறுத்தத்தை உன் பிள்ளைங்க பஸ் ஜன்னல் வழியாப் பார்த்திருக்காங்க. 2024 செப்டம்பர் 9-ல தொடங்கி அக்டோபர் 15 வரைக்கும், 37 நாள். முக்கியமான கோரிக்கை, சிஐடியு ஆதரவோட தொடங்கின சங்கத்தை அங்கீகரிக்கணும்னு. இந்த ஒரு சம்பவத்தை வெச்சே நீ நாலு பீரியட் ஓட்டலாம்.

முதல் பீரியடுக்கு 19(1)(c), சங்கம் அமைக்கிற உரிமை. சங்கத்துப் பேர்ல கம்பெனி பேர் வரக் கூடாதுன்னு நிர்வாகம் ஆட்சேபம் சொன்னது. பதிவு இழுத்துக்கிட்டே போச்சு. அப்போ சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போய் என்ன கேட்டதுன்னு பிள்ளைங்களை யோசிக்க விடு. "கம்பெனிக்கு உத்தரவு போடுங்க"ன்னு சொல்லுவாங்க. இல்லைன்னு சொல்லு. பதிவு பண்ண வேண்டிய தொழிற்சங்கப் பதிவாளர் அரசாங்க அதிகாரி, அவரை முடிவெடுக்கச் சொல்லிக் கேட்டாங்க. கோர்ட் கெடு வெச்சது, 2025 ஜனவரியில சங்கம் பதிவாச்சு. மூணாவது டிப்ஸ்ல நான் சொன்னது முழுசும் இதுக்குள்ள இருக்கு பாரு.

ரெண்டாவது பீரியடுக்கு 19(1)(b), ஆயுதமில்லாம அமைதியாக் கூடுற உரிமை. செப்டம்பர் 16-ம் தேதி காஞ்சிபுரத்துல ஊர்வலம் போகக் கிளம்பின தொழிலாளர்களை, அனுமதி இல்லைன்னு போலீஸ் பிடிச்சு வெச்சுட்டு அப்புறம் விட்டாங்க. "நியாயமான கட்டுப்பாடு"ன்னு 19(3) சொல்றது இதுக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு ரெண்டு அணியாப் பிரிச்சு வாதாட விடு. தீர்ப்பு நீ சொல்லாதே.

மூணாவது பீரியடு கொஞ்சம் கசக்கும், ஆனா மறைக்காதே. சங்கம் வைக்கிறது அடிப்படை உரிமை, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்ல. 1962-லயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிடுச்சு. வேலைநிறுத்தத்துக்கு உள்ள உரிமை தொழிலாளர் சட்டத்துலதான் இருக்கு, நிபந்தனையோட. 2003-ல நம்ம தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்குலயும் கோர்ட் ஊழியர் பக்கம் நிக்கலை. இதைத் தெரிஞ்சு போராடுறவன் நோட்டீஸ் கொடுத்துட்டு உட்காருவான். தெரியாதவன் மாட்டிக்குவான்.

நாலாவதுக்கு வரலாறு. இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27-ல பின்னி மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கினது. திரு.வி.க. அதுல முன்னாடி நின்னவர். தமிழ் மிஸ்கிட்ட சொல்லி அவங்க வகுப்பையும் சேர்த்துக்கோ, உனக்கு ஒரு பீரியட் மிச்சம்.

இன்னொண்ணு, பழைய நோட்ஸை அப்படியே வாசிக்காதே. 2025 நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்து, 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தோட இடத்துல இப்போ வேற சட்டம் இருக்கு.

5. "உங்க அப்பா எந்தப் பக்கம்?"னு கேட்கவே கேட்காதே

ஒரு பெஞ்சுல போராட்டப் பந்தல்ல உட்கார்ந்தவர் பொண்ணு. பக்கத்துல அதே கம்பெனி செக்யூரிட்டி பையன், பின்னாடி போலீஸ்காரர் பிள்ளை. குடும்பம் ஓடுறது அந்தச் சம்பளத்துலதான். சம்பவத்தைப் பேப்பர்ல வந்ததா எடு, வீட்டுல நடந்ததா எடுக்காதே. அப்பா பேரு, கம்பெனி, சங்கம் எதையும் நோட்டுல எழுதச் சொல்லக் கூடாது. அந்த நோட்டு யார் கைக்குப் போகும்னு உனக்குத் தெரியாது.

பீகார், ஒடிசாவுல இருந்து வந்தவங்க பிள்ளை கிளாஸ்ல இருந்தா இன்னும் கவனமா இரு. இந்தியாவுல எங்கேயும் போக, எங்கேயும் குடியிருக்க 19(1)(d), (e) உரிமை கொடுத்திருக்கு. அந்தப் பிள்ளை இங்க இருக்கிறது யாரோட பெருந்தன்மையாலயும் இல்ல. அதை அந்தப் பிள்ளையை எழுப்பி நிக்க வெச்சுச் சொல்லாதே, எல்லாருக்கும் பொதுவாச் சொல்லு.

6. பேச்சுரிமையோட வேலியையும் காட்டு

2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவிச்சு. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பினவங்க உண்டு. போலீஸ் வழக்குப் போட்டது. பொது ஒழுங்குக்காகப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம்னு 19(2) சொல்றதுக்கு இது நல்ல பாடம்.

ஆனா அதோட நிறுத்தினா பிள்ளைங்க வாயை மூடப் பழகிடுவாங்க. 2021 டிசம்பரையும் சொல்லு. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டல்ல சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. தோழிங்க என்ன ஆனாங்கன்னு தெரியாம, செத்துட்டாங்கன்னு வதந்தி கிளம்பி, அந்தப் பெண்கள் சென்னை பெங்களூரு ஹைவேயில வந்து உட்கார்ந்தாங்க. சாவு எதுவும் இல்ல. ஆனா அவங்க உட்கார்ந்த பிறகுதான் ஹாஸ்டலோட சமையலறையும் படுக்குற இடமும் நாட்டுக்கே தெரிஞ்சது, ஆலையும் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. சரியான தகவல் நேரத்துக்குக் கிடைக்காத இடத்துல வதந்திதான் வளரும். இதை நீ சொல்ல வேண்டாம், "தகவல் முன்னாடியே கிடைச்சிருந்தா?"ன்னு கேளு, அவங்களே சொல்லுவாங்க.

7. கையில பிரம்பை வெச்சுக்கிட்டு பிரிவு 21 நடத்தாதே

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் தடை பண்ணியிருக்கு. முட்டி போட வைக்கிறது, ஜாதி சொல்லித் திட்டுறது, ஃபீஸ் கட்டாதவனை வெளிய நிறுத்துறது எல்லாம் அதுல வரும். ஸ்கூலுக்குள்ளயும் பிள்ளைக்கு உரிமை உண்டுன்னு காட்ட இன்னொரு கதையும் இருக்கு. கேரளாவுல தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னு, ஆனா பாடாம இருந்த மூணு பிள்ளைங்களை ஸ்கூலை விட்டே அனுப்பிட்டாங்க. 1986-ல உச்ச நீதிமன்றம் அவங்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிச்சு, மௌனமும் பேச்சுரிமையில அடக்கம்னு. பிள்ளைங்களுக்குப் பிள்ளைங்க கதைதான் பிடிக்கும். ஆறு தலைவர்கள் பேர் சொல்றதுக்குப் பதில் இந்த ஒண்ணைச் சொல்லு.

8. கைதுன்னா என்னன்னு பதினஞ்சு நிமிஷத்துல முடி

பெண் பிள்ளைங்க, ஆண் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லு. ஏன் கைதுன்னு காரணம் சொல்லணும். வக்கீலைப் பார்க்க விடணும். 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் போக. இது பிரிவு 22. தனக்கு எதிராத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, பிரிவு 20(3). சூரியன் மறைஞ்சப்புறம் பெண்ணைக் கைது பண்ணணும்னா விதிவிலக்கான காரணமும் பெண் போலீசும் மாஜிஸ்திரேட்டோட முன் அனுமதியும் வேணும். மனப்பாடம் வேண்டாம், ரெண்டு பேரை நிறுத்தி நடிக்க விடு.

9. சின்னச் சின்னதா சில விஷயம்

- நவம்பர் 26-க்கு முகப்புரை உறுதிமொழி வாசிச்சுட்டு அரசியலமைப்பு தினம் முடிஞ்சதுன்னு நினைக்காதே. அதுல ஒரு சொல்லை எடுத்து ஒரு கேள்வி கேளு.
- பேச்சுப் போட்டி வெச்சா எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தான் பரிசு போகும். கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் கொடு.
- வேலை ஆர்டரைப் படிக்கக் கத்துக்கொடு. அப்ரண்டிஸா, ட்ரெய்னியா, காண்ட்ராக்டர் பேரா, கம்பெனி பேரா? அப்ரண்டிஸ்னா சட்டப்படி அவன் பயிற்சியாளர், தொழிலாளி இல்ல. கையெழுத்துக்கு முன்னாடியே இது தெரியணும்.
- கிராம சபைக்கு அம்மா அப்பாவை அனுப்பச் சொல்லி ஹோம்வொர்க் கொடு. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கிறதுக்கு எதிரா ஏகனாபுரம் ஜனங்க 2022-ல இருந்து கிராம சபையிலதான் தீர்மானம் போட்டுக்கிட்டே இருக்காங்க. சொத்துரிமை 1978-ல அடிப்படை உரிமைப் பட்டியல்ல இருந்து எடுக்கப்பட்டு 300ஏ-வுக்குப் போன கதையையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிடலாம்.
- சட்டம் மாறும்னும் காட்டு. 12 மணி நேர வேலைக்கு வழி விட்ட மசோதா 2023 ஏப்ரல் 21-ல நம்ம சட்டசபையில நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மூணே நாள்ல நிறுத்தி வெச்சு, மே தினத்துல வாபஸ்னு அறிவிச்சாங்க.
- தெரியாத கேள்வி வந்தா வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குத் தலைமையாசிரியர் மூலமா ஒரு கடிதம் எழுதி, ஆளைக் கூப்பிட்டுப் பேச வை. அது அவங்க வேலைதான்.

பெண்கள், குழந்தைங்க, ஆலைத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் இலவச சட்ட உதவி உண்டுன்னு 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுது. அதாவது உன் கிளாஸ்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும், அவங்க வீட்டுல நிறையப் பேருக்கும். நாளைக்கு முதல் பீரியட் தொடங்குறதுக்கு முன்னாடி போர்டோட மேல் மூலையில 15100, 1098 ரெண்டு நம்பரையும் எழுது. முதலாவது சட்ட உதவிக்கு, ரெண்டாவது குழந்தைங்களுக்கு. வருஷம் முடியுற வரைக்கும் அழிக்க விடாதே.