ஆறாத கை, கால் கொப்புளங்கள்: வாயையும் தொண்டையையும் காட்டுங்கள்

காணி துப்புரவாக்கவும் வீடு கட்டவும் கையும் காலும் வேண்டும். ஆனால் சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறிய மஞ்சள் நிறச் சீழ்க் கொப்புளங்கள் கூட்டமாக வரும். அவை காய்ந்து மண்ணிறப் புள்ளிகளாகி உரியும். பின்னர் மீண்டும் வரும். மாதக்கணக்கில் இப்படியே தொடரும்.

இது தொற்றுமா?

தொற்றாது. இந்தச் சீழில் பொதுவாகக் கிருமி இருப்பதில்லை. நோயுற்றவரை ஒதுக்கி வைக்க வேண்டாம். ஆனால் விரலிடுக்கில் இரவில் கடிக்கும் சொறியும், பிள்ளைகளுக்கு வரும் சிரங்கும் தொற்றும். எந்த நோய் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

வாய்க்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

சூத்தைப் பல்லின் வேரிலோ, முரசிலோ, தொண்டையிலுள்ள தொன்சிலிலோ கிருமித்தொற்று அதிக வலியின்றி நெடுநாள் தங்கியிருக்கலாம். அதை எதிர்க்கும் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி, தூரத்திலுள்ள தோலையும் தாக்கக்கூடும் என வைத்தியர்கள் கருதுகின்றனர். அந்தத் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றபின் சிலருக்குக் கொப்புளங்கள் குறைந்துள்ளன. ஜப்பானில் இதற்காகத் தொன்சிலை அகற்றும் சத்திரசிகிச்சையும் செய்கிறார்கள். எனினும் எல்லோருக்கும் இதுவே காரணமல்ல. இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் புகைப்பவர்கள் அல்லது முன்பு புகைத்தவர்கள்.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பல்லைக் கவனிக்க உங்களுக்கு வசதி இருந்திராது. இப்போது கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். தோல் நோய் கிளினிக்குக்குச் செல்ல வேண்டுமா எனக் கேளுங்கள்.
2. பல்வலி, முரசில் இரத்தம், அடிக்கடி வரும் தொண்டை நோ, நெஞ்சின் மேற்பகுதி எலும்பில் அல்லது மூட்டில் நோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
3. பல் வைத்தியரிடமும் காட்டுங்கள். அவர் சொல்லாமல் பல்லைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம்.
4. சிகரட், பீடி, சுருட்டை நிறுத்துங்கள்.
5. கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். வேலை செய்யும்போது கையுறையும் சப்பாத்தும் அணியுங்கள்.
6. ஸ்டீரொயிட் குளிசைகளை நீங்களாக வாங்கிப் பாவிக்க வேண்டாம். ஏற்கெனவே பாவிப்பவர் வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

காய்ச்சலுடன் உடம்பெங்கும் சீழ்க் கொப்புளங்கள் பரவினால் அது ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பல்லுக்கோ தொண்டைக்கோ சிகிச்சை பெற்றாலும் தோலில் மாற்றம் தெரியச் சில மாதங்கள் செல்லலாம். அதுவரை தோலுக்குத் தந்த மருந்தையும் கிளினிக் செல்வதையும் கைவிடாதீர்கள்.