மகிழமரமும் மனச்சான்றும்

நுழையும்முன்
குற்றம் செய்தவரைச் சட்டம் தண்டிக்கும் முன்பே அவருடைய மனம் தண்டிக்கத் தொடங்குகிறது. ரஷ்யப் புதினம் ஒன்று நுணுகிக் காட்டும் இம்மனப்போக்கு, திருவொற்றியூரை நிலைக்களமாகக் கொண்ட நம் பக்தி இலக்கியத்திலும் பதிவாகியுள்ளது.

குற்றத்திற்கு முன்
தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் நாயகன் ரஸ்கோல்னிகோவ், வறுமையால் படிப்பைக் கைவிட்ட இளைஞன். அடகு பிடிக்கும் மூதாட்டியைக் கொல்லும் முன்பே, 'மாமனிதர்க்கு அறத்தின் எல்லையைக் கடக்கும் உரிமை உண்டு' என்றொரு நியாயத்தை வகுத்துக்கொள்கிறான்.

வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியில் தியாகராசர் கோயில் உள்ளது. அங்குச் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரிவதில்லை எனச் சூளுரைக்க வேண்டியிருந்தது. சூளுரைக்கும் வேளையில் கருவறையை நீங்கி மகிழமரத்தடியில் இருக்குமாறு இறைவனை முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவனோ மகிழமரத்தடியிலேயே சூள் பெறுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்தினார் என்கிறது பெரியபுராணம்.

கொலையும் சூள் தவறுதலும் ஒரே தன்மையன அல்ல. ஆயினும், தவறுக்கு முன்பே தப்பும் வழியைத் தேடும் மனம் இருவரிடமும் உண்டு.

குற்றத்திற்குப் பின்
ரஸ்கோல்னிகோவ் களவாடிய பொருளைக் கல்லுக்கடியில் மறைக்கிறான். அதனால் ஒரு பயனும் அடையவில்லை. காய்ச்சலும் அச்சமும் அவனை வாட்டுகின்றன. சோனியாவின் அன்பால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சைபீரியச் சிறைக்குச் செல்கிறான். அங்கும் அவன் செருக்கு உடனே அழியவில்லை. உண்மையான மனமாற்றம் காலம் கடந்தே அரும்புகிறது.

வசந்தம் வந்ததும் ஆரூரை நினைந்து புறப்பட்ட சுந்தரர், ஒற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் பார்வையை இழந்தார். பொறுத்தருள்வாய் என நம்பியே பிழை செய்ததாகப் பின்னர் இறைவனிடம் முறையிட்டார். அம்முறையீட்டில் பிழையை ஏற்கும் பணிவும், தண்டித்தவன்மீது கொண்ட மனக்குறையும் கலந்துள்ளன. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். படிப்படியாகத் திரும்பிய அப்பார்வையை, மெல்ல முதிரும் மனத்தெளிவின் குறியீடாகவும் கொள்ளலாம்.

ஒப்புக்கொள்ளுதல் மனமாற்றத்தின் முடிவன்று; அதுவே தொடக்கம். 'நான் செய்தேன்' என்பதோடு ஒட்டிவரும் 'ஆனால்' என்னும் சொல் உதிரும்போதே மனச்சான்று முழுமை பெறுகிறது.

கற்பவை கற்றபின்
1. தவறுக்கு முன் மனம் தேடும் நியாயத்தை இருவர் வழியாகவும் ஒப்பிட்டு எழுதுக.
2. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழையை ஏற்ற முறை, இவ்விருவரிடமிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? கலந்துரையாடுக.