பெர்னடெட்டைப் பார்

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையைப் படித்தேன். நண்பனைப் பறிகொடுத்த ஒருவன், முன்பின் அறியாத ஒருவரோடு லாரியில் நெடுந்தூரம் போகிறான். நல்ல கரு. ஆனால் சில பக்கங்களுக்கு ஒருமுறை அவன் அழுகிறான், பக்கத்தில் இருப்பவர் ஆறுதல் சொல்கிறார். அழ அழ அவன் என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தான். திருத்தி எழுத உட்காருமுன் ஒரு படத்தைப் பார்த்துவிடு. 1994-இல் வந்த ஆஸ்திரேலியப் படம், ஸ்டீபன் எலியட் எழுதி இயக்கிய ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பிரிசில்லா, குயீன் ஆஃப் தி டெசர்ட்’.

பெண்வேடமிட்டு மேடையில் ஆடும் டிக், ஆடம் என்ற தன்பாலீர்ப்பு இளைஞர்கள் இருவர். அவர்களோடு வயதில் மூத்த திருநங்கை பெர்னடெட். சிட்னியிலிருந்து நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை, சுமார் 2,800 கிலோமீட்டர், ஒரு பழைய பேருந்தில் போகிறார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் ஆட அழைப்பு வந்திருக்கிறது. அழைத்தவள் டிக்கின் மனைவி. அப்படி ஒரு மனைவி இருப்பதே மற்ற இருவருக்கும் வழியில்தான் தெரிகிறது.

இந்தப் படத்தைப் பற்றி யார் பேசினாலும் உடைகளைப் பற்றித்தான் தொடங்குவார்கள். அதில் தவறில்லை. ரப்பர் செருப்புகளைக் கோத்தே ஒரு கவுன் செய்திருக்கிறார்கள். உடை வடிவமைத்த லிஸி கார்டினர், டிம் சாப்பல் இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் நீ பெர்னடெட்டைப் பார். டெரன்ஸ் ஸ்டாம்ப் நடித்த அவள்தான் உனக்கு வேண்டிய பாடம்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஒரு சாவு. பெர்னடெட்டின் துணைவன், அவளைவிட மிகவும் இளையவன், இறந்துவிட்டான். அவன் இறந்த விதத்தைக் கவனி. வீட்டில் தலைமுடியை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து. கேட்பவருக்குச் சிரிப்பும் வரும், சிரித்ததற்காகக் குற்ற உணர்வும் வரும். 1994-இல் சிட்னியில் இந்தப் படத்தைப் பார்த்த தன்பாலீர்ப்பாளர்களுக்கு இறுதிச் சடங்குகள் புதிதல்ல. எய்ட்ஸுக்குப் பலன் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல்தான் வந்தது. அதுவரை எத்தனையோ நண்பர்களை அவர்கள் அடக்கம் செய்திருந்தார்கள். அந்த நோயால் ஒரு சாவை எலியட் எழுதியிருந்தால் அரங்கம் முழுதும் தன் துக்கத்தைத்தான் அழுதிருக்கும். பெர்னடெட்டின் துக்கம் அதில் கரைந்துபோயிருக்கும். இது என் ஊகம்தான். ஆனாலும் அந்தத் தேர்வில் ஒரு பெரிய பரிவு இருப்பதாக நம்புகிறேன்.

அடக்கம் முடிகிறது, பயணம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு பெர்னடெட் இறந்தவனைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தத் துக்கம் எங்கே போகிறது? அவள் செய்யும் காரியங்களுக்குள் போகிறது. பாலைவனத்தில் வண்டி நின்றுவிடுகிறது. இளையவர்கள் இருவரும் அங்கேயே இருக்க, உதவி தேடி வெயிலில் தனியாக நடப்பவள் அவள். ஒரு தம்பதியைக் கண்டுபிடித்து அழைத்தும் வருகிறாள். மற்ற இருவரின் கோலத்தைக் கண்டதும் அந்தத் தம்பதி ஓட்டம் பிடிக்கிறார்கள் என்பது வேறு. கேமரா அவள் முகத்தருகே போய்க் கண்ணீர் தேடவில்லை. புழுதியில் நடந்துபோகும் அவளைக் காட்டுகிறது. கணவனை இழந்த பெண்களை நீயும் பார்த்திருப்பாய். அடுத்த வேளைக்கு உலை வைத்தாக வேண்டியிருக்கிறது, வைக்கிறார்கள். உன் நாயகனுக்கு அப்படி ஒரு வேலை இல்லை. லாரியில் ஏறியது முதல் அவன் உட்கார்ந்தே இருக்கிறான்.

அடுத்தது, நட்பு. உன் கதையில் லாரி ஓட்டுநர் முதல் பக்கத்திலேயே நல்லவர். இங்கே அப்படி இல்லை. ஆடமுக்கும் பெர்னடெட்டுக்கும் ஆகவே ஆகாது. அவளுடைய பழைய ஆண் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சீண்டுகிறான். ஒரு திருநங்கைக்கு அதைவிட வலிக்கும் சொல் கிடையாது. புதிதாகத் துணையை இழந்தவளிடம் அதைச் சொல்கிறான். அவளும் விடுவதில்லை. வீட்டில் சண்டை என்றால் எழுந்து வெளியே போய்விடலாம்; பேருந்திலிருந்து இறங்கினால் பாலைவனம்தான். பயணப் படத்தின் பலமே இதுதான் என்பேன். பிடிக்காதவர்களை ஒரே கூரையின்கீழ் அது கட்டிப்போடுகிறது.

புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரின் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார். மதுக்கடையில் ஒரு பெண் அவர்களை அவமதிக்கிறாள். பெர்னடெட் ஒரே பதிலில் அவள் வாயை அடைக்கிறாள். கடை முழுதும் சிரிக்கிறது, குடி தொடர்கிறது. வென்றுவிட்டார்கள் என்று நாமும் நினைக்கிறோம். விடிந்தால், எய்ட்ஸ் என்ற சொல்லோடு ஒரு வசை பேருந்தின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கிறது. இரவின் சிரிப்பு இல்லாமல் அந்தக் காலை இவ்வளவு வலிக்காது. பிறகு ஆடம் பேருந்துக்கே இளம் ஊதா நிறம் அடிக்கிறான், வசை மறைகிறது. 

அடுத்து கூபர் பீடி. ஓபல் கல் எடுக்கும் ஊர். வெயிலுக்குப் பயந்து நிலத்தடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். ஆடம் பெண் உடையில் ஆண்கள் கூட்டத்துக்குள் போகிறான், அவர்கள் துரத்திப் பிடித்து அடிக்க வருகிறார்கள். வந்து தடுப்பவர்களில் அவர்களைத் திருப்பி அடிப்பவள் பெர்னடெட். பிறகு, நொறுங்கிப்போன அந்தப் பையனை அணைத்துக்கொண்டு பேசுகிறாள். பேருந்தில் அத்தனை சீண்டலையும் நாம் பார்த்திருப்பதால்தான் அந்த அணைப்பு நெஞ்சில் இறங்குகிறது. தனக்கு ஆறுதல் தேடிக் கிளம்பியவள் இன்னொருவனுக்கு ஆறுதலாகிறாள், அதுவும் தன்னை அதிகம் நோகடித்தவனுக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது. கூபர் பீடி இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவில். 1972 மே மாதம் அடிலெய்டு நகரில் ஜார்ஜ் டங்கன் என்ற தன்பாலீர்ப்புச் சட்ட விரிவுரையாளரை இரவில் டாரன்ஸ் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அவர் மூழ்கி இறந்தார். சந்தேகம் காவலர்கள்மேலேயே விழுந்தது, ஆனால் எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தச் சாவு எழுப்பிய கோபத்தின் தொடர்ச்சியாக, 1975-இல் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நாட்டிலேயே முதன்முதலில் முழுமையாக நீக்கியது அந்த மாநிலம். நியூ சவுத் வேல்ஸில் அது நடக்க 1984 ஆயிற்று, டாஸ்மேனியாவில் 1997. அப்படி முன்னால் நின்ற மாநிலத்தின் மண்ணில்தான் ஆடம் துரத்தப்படுகிறான். எலியட் இதைக் கணக்கிட்டு எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. சட்டம் வந்த பிறகும் ஓர் ஊரில் தனியாக நடந்துபோக என்ன தேவைப்படுகிறது என்பதை அந்தக் காட்சி காட்டுகிறது.

படத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வழியில் அவர்களுக்கு உதவும் மெக்கானிக் பாபின் பிலிப்பைன்ஸ் மனைவி சிந்தியா வெறும் கேலிச் சித்திரமாகவே நிற்கிறாள். அந்நிய ஊரில் அவளுக்கும் ஒரு தனிமை இருக்குமே, அதை யாரும் கேட்கவில்லை. மூவரின் வலியை இத்தனை அக்கறையாகக் கேட்ட கலைஞன் நான்காமவளிடம் காதை மூடிக்கொண்டது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. உன் கதையில் வழியில் வரும் டீக்கடைப் பெண்ணை ஒரு சிரிப்புக்காக மட்டும் வைத்திருக்கிறாய். அவளிடம் திரும்பிப் போ.

அந்த பாப் பாத்திரம், பில் ஹண்டர் நடித்தது, எனக்கு மிகவும் பிடிக்கும். பாலைவன ஊரில் வண்டி பழுதுபார்க்கும் முரட்டு மனிதர். இளமையில் பெர்னடெட்டின் நடனக் குழுவைப் பார்த்து வியந்தவர். அதை மறக்காமல் மரியாதையோடு அவளை நடத்துகிறார். வண்டியைச் சரிசெய்கிறார், கூடவே வருகிறார். கடைசியில் ஆடமும் டிக்கும் டிக்கின் மகனோடு சிட்னிக்குத் திரும்ப, பெர்னடெட் பாபோடு ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே தங்குகிறாள். இறந்தவனை மறந்துவிட்டாள் என்று படம் சொல்லவில்லை, புதுக் காதல் புண்ணை ஆற்றிவிட்டது என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறாள், அவ்வளவுதான்.

உன் நாயகன் அழும் பக்கங்களையெல்லாம் எடுத்துவிடு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள். எது என்பதை நீயே முடிவுசெய். லாரி நடுவழியில் நிற்கட்டும், ஓட்டுநருக்குக் கையில் அடிபடட்டும், ஜாக்கியை அவன் எடுக்கட்டும். அந்தக் காட்சியை மட்டும் எழுதி அனுப்பு, மற்றதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்