எதிரியின் கடிதத்தையும் எடுத்து வை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நூலகவியல் படிப்பை முடித்த கையோடு ஆவணக் காப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாய் என்பதில் அக்காவுக்கு நிறைந்த மகிழ்ச்சி. பொதுவாழ்வில் இருந்த ஒருவருடைய வீட்டுக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கினால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று கேட்டிருந்தாய். விதிகளை உன் பாடப்புத்தகம் சொல்லும். நான் ஒரு மனிதருடைய காகிதங்களின் கதையைச் சொல்கிறேன். இந்த வேலையில் நான் முக்கியமாகக் கருதுவதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அவர் பெயர் ஃபிராங்க் கேமனி. 1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியக் களத்தில் நின்றவர். 1956இல் ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அமெரிக்க ராணுவத்தின் வரைபடத் துறையில் வேலை கிடைத்தது. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகச் சில மாதங்களிலேயே அந்த வேலை போயிற்று. ஸ்புட்னிக் செயற்கைக்கோள் வானில் சுற்றிய அதே 1957இல், ஒரு வானியலாளர் வேண்டாம் என்று முடிவெடுத்தது அமெரிக்க அரசு. இனி எந்த மத்திய அரசு வேலையும் கிடையாது என்ற தடையும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் அப்படி நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் ஊரை மாற்றிக்கொண்டார்கள். கேமனி வழக்குப் போட்டார். வழக்கறிஞர் கைவிட்ட நிலையில், உச்ச நீதிமன்றத்துக்கான மனுவை 1961இல் தாமே எழுதினார். நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது. அதே ஆண்டு தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வாஷிங்டன் மட்டாச்சைன் சங்கத்தைத் தொடங்கினார். 1965 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறு குழு வெள்ளை மாளிகைக்கு எதிரே தட்டிகளோடு நடந்தது. ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிந்து வரவேண்டும் என்பது கேமனியின் கட்டளை. வேலை கேட்டுப் போராடுகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்களைப் போலவே தெரியவேண்டும் என்பது அவர் வாதம். 1971இல் வாஷிங்டன் நகரத்தின் காங்கிரஸ் பிரதிநிதி தேர்தலில், தம்மை மறைக்காமல் நின்றார். அமெரிக்கக் காங்கிரஸுக்கு அப்படி வெளிப்படையாகப் போட்டியிட்ட முதல் ஆள் அவர்தான். ஆறு பேரில் நான்காவதாக வந்தார். ஆனால் அந்தப் பிரசாரத்துக்குச் சேர்ந்த கூட்டம் கலையாமல் ஓர் இயக்கமாக நின்றது.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். வாஷிங்டனில் கதீட்ரல் அவென்யூவில் இருந்த அவர் வீட்டின் மேல்மச்சில் அவை குவிந்தன. வந்த கடிதம், போன கடிதத்தின் கார்பன் நகல், வழக்குக் கட்டு, துண்டறிக்கை, ஊர்வலத் தட்டி எல்லாம் அங்கே இருந்தன. நிலையான சம்பளம் இல்லாமலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். 2006இல் அன்பர்கள் சிலர் சேர்ந்து, மதிப்பிட்ட விலையான 75,000 டாலரைத் திரட்டி அவரிடமிருந்து அந்தக் காகிதங்களை வாங்கி, காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன், தம்பி. வறுமையில் இருக்கும் ஒரு போராளியிடம் “நாட்டுக்காக இலவசமாகக் கொடுங்கள்” என்று கேட்பது எளிது. அவர்கள் அப்படிக் கேட்கவில்லை.

இப்போது அந்தக் காகிதங்களில் ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1962 ஆகஸ்டில் மட்டாச்சைன் சங்கம் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்பியது. நாங்கள் யார், என்ன கேட்கிறோம் என்று பணிவாகச் சொன்ன கடிதம். மிச்சிகன் மாநில உறுப்பினர் சார்லஸ் சேம்பர்லெயின் இரண்டே நாளில் பதில் போட்டார். தாம் காங்கிரஸில் இருந்த ஆறு ஆண்டுகளில் இவ்வளவு அருவருப்பான கடிதம் வந்ததே இல்லை, இந்த மாதிரி அசுத்தத்தை அனுப்பித் தம் தபாலைக் கெடுக்கவேண்டாம் என்று காங்கிரஸ் கடிதத்தாளிலேயே எழுதியிருந்தார். உனக்கோ எனக்கோ அப்படி ஒரு கடிதம் வந்தால் கிழித்து அடுப்பில் போடுவோம். கேமனி பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இன்னொரு தாள் 1966 பிப்ரவரி 25 தேதியிட்டது. மத்திய அரசின் பணியாளர் ஆணையத் தலைவர் ஜான் மேசி எழுதியது. இதில் வசவு இல்லை. அலுவலக நடையில், நிதானமாக, ஏன் தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கும். சக ஊழியர்களுக்கு அருவருப்பு வரும், பொதுமக்களுக்கு மனம் கோணும், பொதுக் கழிப்பறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்வது சிக்கல் என்று போகும். எனக்கு முதல் கடிதத்தைவிட இதுதான் அதிகம் நடுக்கம் தருகிறது. முதலாவது ஒரு மனிதருடைய கோபம். இரண்டாவது ஓர் அரசின் கொள்கை, கையெழுத்தோடு.

அந்த ஆணையத்தின் தடை 1975இல் நீங்கியது. ஆணையம் பிறகு பணியாளர் மேலாண்மை அலுவலகம் என்று மாறியது. 2009 ஜூனில் அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஜான் பெர்ரி கேமனிக்கு முறைப்படி மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். மேசி வகித்த பொறுப்பின் வழியில் வந்த பெர்ரி தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். மன்னிப்பை ஏற்கிறேன் என்று அங்கேயே சொன்னார் கேமனி. அப்போது அவருக்கு வயது 84. மேசியின் கடிதம் இல்லாமல் போயிருந்தால், எதற்காக அந்த மன்னிப்பு என்பதை அடுத்த தலைமுறைக்கு விளக்கவே பெரும்பாடு பட்டிருக்கவேண்டும்.

அதோடு நிற்கவில்லை. கேமனியின் காகிதங்களைக் காப்பாற்ற முன்னின்றவர்களில் ஒருவரான சார்லஸ் ஃபிரான்சிஸ், பின்னாளில் மட்டாச்சைன் சங்கத்தின் பெயரை மீண்டும் எடுத்து, அரசுக் கோப்புகளில் புதைந்து கிடந்த இத்தகைய கடிதங்களைத் தேடுவதையே வேலையாகக் கொண்ட ஓர் அமைப்பை நடத்தினார். தன்பாலினத்தவரின் திருமண உரிமை வழக்கு 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அரசே பல பத்தாண்டுகள் எப்படி வெறுப்பைக் கொள்கையாக வைத்திருந்தது என்பதற்கு ஆவணச் சான்றுகளைத் தொகுத்து நீதிமன்றத்தின் முன் வைத்தது அந்த அமைப்பு. மேல்மச்சில் கிடக்கும் பழைய தாள் என்னத்துக்கு ஆகும் என்று யாராவது உன்னிடம் கேட்டால் இதைச் சொல்.

ஆகவே நான் முதலில் வற்புறுத்துவது இது. பெரியவர் மறைந்தபின் வீட்டார் பெட்டியைத் திறக்கும்போது, கை முதலில் போவது அசிங்கமான கடிதங்களின் மேல்தான். “இதெல்லாம் வேண்டாம், அவர் பெருமைக்கு இழுக்கு” என்பார்கள். பாராட்டுப் பத்திரத்தையும் பொன்னாடைப் படத்தையும் மட்டும் உன்னிடம் நீட்டுவார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள், கோபப்படாதே. ஆனால் அந்த வசைக் கடிதங்களைக் கேட்டு வாங்கு. பாராட்டுப் பத்திரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவர் எதை எதிர்த்து நின்றார் என்பதை எதிரியின் கையெழுத்துதான் காட்டும். தன்பாலீர்ப்பாளர்கள் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமான உண்மை. அரசின் பதிவேட்டில் அவர்கள் காவல்துறைக் கோப்பிலும் மருத்துவக் குறிப்பிலும்தான் நீண்டகாலம் இருந்தார்கள், அதுவும் பிறர் வார்த்தையில். அவர்களே பேசுகிற காகிதம் அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

கார்பன் நகலை ஒருநாளும் கழிக்காதே. பதில் மட்டும் கிடைத்து, கேள்வி கிடைக்காமல் போன கடிதக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உறையையும் எறியாதே. தேதி போடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. கட்டு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையைக் குலைக்காதே. அகர வரிசையில் அழகாக அடுக்கத் தோன்றும், கையைக் கட்டுப்படுத்திக்கொள். ஒரு தேர்தல் துண்டறிக்கைக்கு அடியில் கட்டாத மின்கட்டண ரசீது இருந்தால், அவை சேர்ந்து இருப்பதே ஒரு செய்தி. எப்படிப்பட்ட நிலையில் அவர் தேர்தலில் நின்றார் என்று அது சொல்கிறது.

தட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை மாளிகை முன் பிடித்த தட்டிகளைக் கேமனி குச்சியோடு வைத்திருந்தார். அட்டையில் கையால் எழுதியவை. அவை நூலகத்துக்குப் போகாமல், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. தாளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த இடம் ஒன்று, பொருளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த இடம் வேறு. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எது எங்கே போயிற்று என்பதை மட்டும் இரண்டு இடத்துப் பட்டியலிலும் எழுதிவிடு.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானித்துப் படி. கேமனி தமக்காக மட்டும் போராடவில்லை. பாதுகாப்பு அனுமதி பறிபோன ஊழியர்கள், ராணுவத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்று பலருடைய வழக்குகளை எடுத்து நடத்தினார். சங்கத்தில் பலர் புனைபெயரில்தான் இருந்தார்கள். அப்படியானால் அவர் பெட்டிகளில் இருப்பது அவருடைய ரகசியம் மட்டுமல்ல. உதவி கேட்டு எழுதிய யாரோ ஒருவர் பிறகு திருமணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்று, எவருக்கும் சொல்லாமல் வாழ்ந்து முடித்திருக்கலாம். அவர் எழுதியது கேமனிக்கு, உனக்கோ எனக்கோ அல்ல. இந்த மாதிரிக் கோப்புகளைப் பெயருக்குரியவர்களின் ஆயுட்காலத்தைக் கணக்கிட்டுக் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடி வைப்பது காப்பகங்களில் உள்ள வழக்கம். அழித்துவிடுவது வேறு, மூடி வைப்பது வேறு. பட்டியலில் “இப்படி ஒரு கோப்பு இருக்கிறது, இந்த ஆண்டு திறக்கப்படும்” என்று எழுதலாம், பெயரை எழுதக் கூடாது. இணையத்தில் ஏற்றும் ஆசை இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. ஒரு பெயரைத் தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும் காலத்தில், இந்தப் பொறுப்பு உன் தலைமுறைக்கு இன்னும் கனமாகியிருக்கிறது.

அடுத்தது, காகிதம் யாருக்குச் சொந்தம் என்பது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹார்வி மில்க்கை உனக்குத் தெரிந்திருக்கும். காஸ்ட்ரோ தெருவில் கேமராக் கடை வைத்திருந்தவர், மூன்று முறை தோற்று, 1977 நவம்பரில் நகர மேற்பார்வையாளர் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வென்ற பத்தாவது நாளே ஓர் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்தார். தாம் படுகொலை செய்யப்பட்டால் மட்டுமே இதைப் போட்டுக் கேட்கவேண்டும் என்று அதிலேயே சொல்லி, தம் இடத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பெயர்களையும் சொன்னார். ஓராண்டு கழித்து, 1978 நவம்பர் 27 அன்று அவரும் மேயர் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடாவில் ஏற்கத்தக்கவராக அவர் குறிப்பிட்ட ஹாரி பிரிட் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். ஒரு தனிமனிதரின் நாடா, நகரசபை நியமனத்தையே வழிநடத்தியது.

அவர் விட்டுச்சென்றவற்றைக் காத்தவர், ஒருகாலத்தில் துணைவராக இருந்து கேமராக் கடையைச் சேர்ந்து நடத்திய ஸ்காட் ஸ்மித். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவருக்குச் சட்டப்படி இருந்தது. அதனால்தான் பெட்டிகள் அவர் கையில் நின்றன. 1995இல் அவர் இறந்ததும், அவருடைய தாய் அந்தக் காகிதங்களைச் சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அந்தத் தொகுப்பு மில்க், ஸ்மித் இருவர் பெயரையும் தாங்கியே இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பெர்லின் பாலியல் ஆய்வு நிறுவனத்து நூல்களை 1933 மே மாதத்தில் நாஜிகள் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். தப்பிய கொஞ்சத்தை அவருடைய துணைவர் லி ஷியு டோங் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து, 1993இல் கனடாவின் வான்கூவரில் தாம் இறக்கும்வரை வைத்திருந்தார். இறந்தபின் அந்தப் பெட்டிகள் குப்பையில் கிடந்தன. அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவர் கண்ணில் பட்டு, அவர் எடுத்து வைத்ததால் மிஞ்சின.

கேமனி 2011 அக்டோபரில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லும் அஸ்தி அடக்கமும்கூடச் சச்சரவில் சிக்கித் தள்ளிப்போயின. ஆனால் ஐந்தாண்டுக்கு முன்பே நூலகத்துக்குப் போய்விட்ட காகிதங்களை அந்தச் சச்சரவு தொடவில்லை. ஆகவே உயிரோடு இருக்கிறவரிடமே கேள். கொடுப்பதற்கான பத்திரத்தில் அவரே கையெழுத்துப் போடட்டும், எந்தக் கோப்பு எத்தனை ஆண்டு மூடியிருக்கவேண்டும் என்று அவரே சொல்லட்டும். சாவைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். பேசாமல் விட்டதால் பழைய பேப்பர் கடைக்குப் போன கட்டுகள் ஏராளம்.

கைவேலை சில. குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்று. நம் ஊர் ஈரக்காற்றில் கிளிப் துருப்பிடித்து, தன் வடிவத்தையே தாளில் பழுப்பாகப் பதித்துவிடும், பிறகு அந்த இடம் பொடிப்பொடியாக உதிரும். கிழிசலில் செலோடேப் ஒட்டாதே. குறிப்பைப் பென்சிலால் எழுது, அதுவும் கோப்புறைமேல். ஃபேக்ஸ் தாள் வந்தால் அன்றைக்கே நகல் எடு, அந்த எழுத்து மங்கிக்கொண்டே இருக்கும். பழைய கேசட் கிடைத்தால் ஆர்வத்தில் வீட்டு டேப்ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதே. உள்ளே பிசுபிசுப்பு ஏறியிருந்தால் முதல் ஓட்டத்திலேயே நாடாவின் பூச்சு உரிந்து வந்துவிடும். அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்கவேண்டும். யாரிடம், எப்படி என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா