பழைய ஸ்கூட்டருக்குப் புது உயிர்



பழைய ஸ்கூட்டர் ஒன்றைக் காலையில் கிளப்பும் பெரியவரை நீங்கள் பார்த்திருக்கலாம். வண்டியை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ப்பார். சில விநாடிகள் அப்படியே பிடித்திருப்பார். பிறகு நிமிர்த்தி நிறுத்திக் கிக்கரை ஓங்கி ஓர் உதை உதைப்பார். எஞ்சின் உறுமத் தொடங்கும். "ஏன் சாய்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "அப்படிச் செய்தால்தான் ஸ்டார்ட் ஆகும்" என்பார். இது விளக்கமாகாது அல்லவா? சரியான விளக்கத்தைக் கட்டுரையின் இடையில் காண்போம். அதற்குள் நீங்களும் சற்று யோசித்து வையுங்கள்.

என் தந்தையார் 1982-இல் வாங்கிய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரை இப்படித்தான் கிளப்புவார். அவருக்கு வயதானபின் அது பத்து ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அதை மீண்டும் ஓட வைக்க ஆசைப்பட்டேன். கையில் இருந்த பணமோ குறைவு. கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நானே அந்தப் பணத்தில் பாதியை வீணாக்கினேன். நான் செய்த தவறு என்ன, எந்த வரிசையில் செலவு செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வண்டியின் பூர்வீகம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-இல் வெஸ்பா என்னும் ஸ்கூட்டரை வெளியிட்டது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி. அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியியல் வல்லுநர். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற குழாய்ச் சட்டத்தை அவர் கைவிட்டார். வளைத்து அழுத்திய எஃகுத் தகடே வண்டியின் எலும்பாகவும் தோலாகவும் அமைந்தது. முன் சக்கரத்தை விமானச் சக்கரம்போல ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கச் செய்தார். ஆதலால் சக்கரத்தைக் கழற்றுவது எளிதாயிற்று. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் முதலில் இத்தாலிய உரிமம் பெற்று ஸ்கூட்டர் தயாரித்தது. 1972-இல் சேட்டக் வெளிவந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. பெட்ரோல் சேட்டக்கின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. 2020 முதல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் ஓடுகின்றது.

அளக்காமல் செய்த செலவு

என் வண்டி ஒருவாறு கிளம்பியது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஒரு பட்டறையில், "பிஸ்டன் தேய்ந்துவிட்டது, போர் போட வேண்டும்" என்றார்கள். சிலிண்டரை அளந்து பார்க்காமல் நானும் தலையாட்டினேன். சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. மீதிப் பணத்தில் பெரும்பகுதி பெயின்ட்டுக்குப் போயிற்று. பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் மகளைப் பின்னால் அமர வைத்து ஓர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். திடீரென எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் சுற்றாமல் இழுபட்டது. பழக்கத்தால் கை கிளட்சை அழுத்தியது; சக்கரம் விடுபட்டது. ஆனால் இப்போது வண்டி இறக்கத்தில் தானே ஓடியது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தேன், வேகம் குறையவில்லை. சாலையோரம் கொட்டியிருந்த மணற்குவியலில் மோதித்தான் நின்றோம். இருவருக்கும் சிராய்ப்புகளே. அன்று மணல் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

எஞ்சின் ஏன் பிடித்தது?

இது இரண்டடி எஞ்சின். டூ ஸ்ட்ரோக் என்று பட்டறையில் சொல்வார்கள். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை இதில் நேரே சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் பெட்டிக்குள் வருகின்றது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே பருமன் பெருகி அழுத்தம் குறையும். கலவை உள்ளே உறிஞ்சப்படும். பிஸ்டன் கீழே வரும்போது கலவை அமுக்கப்பட்டு, பக்கத் துளைகளின் வழியே சிலிண்டருக்குள் ஏறும். ஆகவே கிராங்க் பெட்டி ஒரு பம்பு. பம்பில் ஓட்டை இருக்கக் கூடாது.

கிராங்க் தண்டின் இரு முனைகளும் பெட்டிக்கு வெளியே வருகின்றன. அந்த இடங்களில் காற்றுப் புகாமல் காப்பவை ஆயில் சீல் எனப்படும் ரப்பர் வளையங்கள். பல ஆண்டுகள் கிடந்தால் ரப்பர் இறுகி விறைத்துவிடும். என் வண்டியில் மேக்னட் பக்கத்துச் சீல் அப்படி ஆகியிருந்தது. அதன் வழியே வெளிக்காற்று புகுந்தது. கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தது. ஆக்சிலரேட்டரை விட்டும் எஞ்சின் வேகமாகச் சுற்றியதற்குக் காரணம் இதுவே.

இவ்வகை எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகின்றது. நூற்றுக்கு 2 பங்கு என்றால் லிட்டருக்கு 20 மில்லி லிட்டர். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் எண்ணெயும் குறையும் என்பதைக் கவனியுங்கள். வெப்பம் கூடும் அதே நேரத்தில் வழுவழுப்பும் குறைகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பிஸ்டனின் விட்டம் சுமார் 57 மி.மீ. அது அலுமினியக் கலவையால் ஆனது. நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.000020. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் குணகம் ஏறத்தாழ 0.000011. பிஸ்டன் 150 டிகிரியும் சிலிண்டர் 100 டிகிரியும் சூடேறுவதாகக் கொள்வோம்.

பிஸ்டனின் விரிவு = 57 × 0.000020 × 150 = 0.17 மி.மீ.
சிலிண்டரின் விரிவு = 57 × 0.000011 × 100 = 0.06 மி.மீ.

வேறுபாடு 0.11 மி.மீ. ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு! இதற்கு இடம் விட்டுத்தான் பிஸ்டனைச் சிலிண்டரைவிடச் சிறியதாகச் செய்கிறார்கள். வெப்பம் அளவு மீறினால் அந்த இடமும் நிரம்பிவிடும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். என் புதுப் பிஸ்டனின் கதி இதுதான். போர் போட்ட செலவில் மிகச் சிறு பகுதிகூட ஆகாத ரப்பர் வளையத்தை நான் மாற்றவில்லை.

செலவில்லாத சோதனைகள்

நோயாளியின் நாக்கை மருத்துவர் பார்ப்பதுபோல ஸ்பார்க் பிளக்கின் முனையைப் பாருங்கள். சற்று தூரம் ஓடிய வண்டியின் பிளக்கை எஞ்சின் ஆறியபின் கழற்றினால், முனை காப்பிப் பொடி நிறத்தில் இருப்பது நலம். வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. என் பிளக் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

புகையும் பேசும். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் பெட்டி எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, வெண்புகை அடர்த்தியாக வரும். கியர் எண்ணெயின் அளவும் குறைந்துகொண்டே போகும்.

இவற்றுக்குப் பிறகும் சிலிண்டர்மீது சந்தேகம் இருந்தால், அதன் உள்விட்டத்தை மேலும் நடுவிலும் கீழும் அளக்கச் சொல்லுங்கள். லேத் பட்டறையில் அதற்கான கருவி இருக்கும். அளவைக் கண்ட பிறகே போர்.

முதலில் நிற்க வேண்டும்

நூறு கிலோ அளவுள்ள ஸ்கூட்டரும் 70 கிலோ எடையுள்ளவரும் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 11.1 மீட்டர். இயக்க ஆற்றல் ½mv², அதாவது சுமார் 10,500 ஜூல். வண்டி நிற்க வேண்டுமானால் இவ்வளவும் பிரேக் டிரம்மில் வெப்பமாக மாற வேண்டும். பிரேக் நன்றாக இருந்து, விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்கும் தூரம் v²/2a = 12 மீட்டர். பிரேக்கின் பிடிப்பு பாதியானால் 25 மீட்டர். அந்த 13 மீட்டர் இடைவெளியில் ஒரு குழந்தை நின்றால்? பிரேக் ஷூவும் கேபிளும் பெயின்ட்டோடு ஒப்பிட்டால் மலிவு. ஆகவே முதல் ரூபாய் பிரேக்குக்கே.

கேபிளின் உறைக்குள் துரு இருந்தால், கையின் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே கரைந்துவிடும். கேபிளை உறையோடு மாற்றுவதே சிக்கனம். டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது என்று பொருள். வெடிப்பு விட்ட டயரை நம்ப வேண்டாம். இந்த ஸ்கூட்டரின் சக்கரம் இரு பாதிகளாக நட்டுகளால் இணைக்கப்பட்டது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தளர்த்தக் கூடாது. விசை என்பது அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கி வருவது. அந்த விசை ரிம்மைப் பிளந்து முகத்தில் எறியும்.

பிறகு ஓட வேண்டும்

பல ஆண்டுகள் நின்ற பெட்ரோல் பிசினாக மாறிக் கார்புரேட்டரின் ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டின் துளை ஏறக்குறைய 1 மி.மீ. அதைக் கம்பியால் குத்தாதீர்கள். விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தால் பரப்பு 1.1 × 1.1 = 1.21 மடங்காகிவிடும். காற்றை ஊதிச் சுத்தம் செய்வதே முறை. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாயையும் மாற்றிவிடுங்கள். இவ்வேலைகள் நடக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

இப்போது சாய்ப்பதன் இரகசியம். வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கின்றது அல்லவா? கார்புரேட்டரிலும் அப்படி ஒரு மிதவை உண்டு. வண்டியைச் சாய்த்தால் மிதவை நிலை மாறும். அடைப்பு விலகிக் கூடுதல் பெட்ரோல் இறங்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆகவே கிளம்பும் நேரத்தில் கலவையில் பெட்ரோல் சற்று மிகுந்திருப்பது உதவுகின்றது. சோக் செய்யும் வேலையைப் பெரியவர் சாய்த்துச் செய்கிறார்!

கடைசியாக மின்னட்டும்

தகடே எலும்பு என்று சொன்னோம். கால் வைக்கும் தளத்தின் அடிப்புறத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உறுதி. மொத்தென்று ஒலித்தால் துரு தின்றிருக்கலாம். அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது, ஒடிந்த காலை வேட்டியால் மறைப்பது போன்றது. பழுதான தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்த பிறகே நிறம்.

"பெரிய பிஸ்டன் போட்டால் சக்தி கூடுமா?" என்று கேட்பீர்கள். சேட்டக்கின் விட்டம் 57 மி.மீ., வீச்சும் 57 மி.மீ.; பருமன் 145.45 க.செ.மீ. விட்டத்தை 57.4 ஆக்கினால் 147.5 ஆகும். நூற்றுக்கு ஒன்றரைகூடக் கூடவில்லை. சைலன்சரைத் திறந்துவிட்டால் கூடுவது சத்தமே. எரியாத கலவை வீணாக வெளியேறவும் கூடும். பின்னால் நீண்ட கேரியர் வைத்தால் நெம்புகோல் விதியை நினையுங்கள். பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 20 கிலோ வைத்தால், சக்கரங்களிடையே 120 செ.மீ. உள்ள வண்டியின் முன் சக்கரத்தில் 20 × 30 ÷ 120 = 5 கிலோ பளு குறையும். வண்டியைத் திருப்புவது அந்தச் சக்கரமே.

சீட்டு உறை, தரை விரிப்பு, நிறம் ஆகியவற்றில் உங்கள் ரசனையைக் காட்டுங்கள். நிறம் மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஆய்வு செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். கியர் உள்ள ஸ்கூட்டரை ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் பெரியவர்கள் துணையோடு கழற்றிப் பார்க்கவும் அளக்கவும் வயது வரம்பு இல்லை.

என் வண்டி இப்போது நன்றாக ஓடுகின்றது. அதைவிட முக்கியமாக, நன்றாக நிற்கின்றது. மணலில் உராய்ந்த இடத்துக்கு மட்டும் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அதற்குரிய பணம் பிரேக்குக்குச் செலவாயிற்று.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு வண்டியின் கையேட்டில் விட்டமும் வீச்சும் இருக்கும். பருமனைக் கணக்கிட்டு, அச்சிட்ட சி.சி. எண்ணோடு ஒப்பிடுங்கள்.

2. வேகம் 40-லிருந்து 60 கி.மீ. ஆனால் நிற்கும் தூரம் எத்தனை மடங்காகும்? ஒன்றரை மடங்கு என்று விடை வந்தால் மீண்டும் ஒருமுறை கணக்கிடுங்கள்.